வலது கன்னம் என்று ஏன் சொன்னார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயேசுவை இழிவாகப் பேசுவோரைக் கிறிஸ்தவர்கள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று உங்கள் வாசகர் பக்கத்தில் நடக்கும் விவாதத்தில் இரு தரப்பும் மத்தேயு 5:39-ஐத்தான் கையில் எடுக்கின்றன. "மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரின் ஆட்களுக்குக் கோபம் எதற்கு?" என்கிறது ஒரு தரப்பு. "அது தனி மனிதருக்குச் சொன்னது, விசுவாசத்துக்கே அவமானம் என்றால் சும்மா இருக்க முடியுமா?" என்கிறது மற்றது. முதல் தரப்பார் அந்த வசனத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். இரண்டாம் தரப்பார் அதைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

வசனத்திலிருந்தே தொடங்குகிறேன். "ஒருவன் உன்னை வலது கன்னத்தில் அறைந்தால்" என்றுதான் மத்தேயுவில் இருக்கிறது. எதிரே நிற்பவரை வலது கையால் அறைந்து பாருங்கள். உள்ளங்கை போய் விழுவது அவருடைய இடது கன்னத்தில். வலது கன்னத்தில் விழ வேண்டுமானால் புறங்கையை வீச வேண்டும். புறங்கை அறை காயப்படுத்துவதற்கு அல்ல, கேவலப்படுத்துவதற்கு. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் (பாபா கம்மா 8:6) இதற்கு விலையே போட்டிருக்கிறார்கள்: உள்ளங்கை அறைக்கு 200 சூஸ் அபராதம், புறங்கை அறைக்கு 400. ஒருவர்மேல் துப்புவதற்கும் மேலாடையை உருவுவதற்கும் அதே 400தான். சூஸ் என்பது ஏறக்குறைய ஒரு தினாரி. திராட்சத் தோட்ட உவமையில் ஒரு நாள் கூலியாகப் பேசப்படும் "ஒரு பணம்" அதுதான். ஒரு புறங்கை வீச்சுக்கு 400 நாள் கூலி! மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில், இயேசுவுக்குப் பின்னால்தான். ஆனாலும் புறங்கை அறையை அந்தச் சமூகம் எப்படிப் பார்த்தது என்பதற்கு அது நல்ல சாட்சி. புலம்பல் 3:30-ம் கன்னத்தில் அடிவாங்குவதையும் நிந்தையையும் ஒரே மூச்சில்தான் சொல்கிறது.

ஆகவே அந்த வசனம் அவமானத்தைப் பற்றியது. உயிருக்கு ஆபத்து வரும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு அதை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. மறு கன்னத்தைக் காட்டினால் அடிப்பவன் உள்ளங்கையாலோ முஷ்டியாலோ அடித்தாக வேண்டும், அதாவது நம்மைச் சமமானவனாக ஏற்றாக வேண்டும் என்று ஒரு விளக்கம் இப்போது பிரசங்கங்களில் பிரபலம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வசனம் அவ்வளவு தூரம் போவதில்லை. லூக்கா 6:29-இல் "வலது" என்ற சொல்லே கிடையாது. அதன்மேல் அவ்வளவு பாரம் ஏற்றக் கூடாது.

"தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்" என்பதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அங்கே உள்ள கிரேக்க வினைச்சொல்தான் "பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்று யாக்கோபு 4:7-இல் வருகிறது. பேதுரு தவறியபோது பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார் என்று கலாத்தியர் 2:11-லும் வருகிறது. எதிர்ப்பே கூடாதென்றால் இந்த இரண்டுக்கும் என்ன பொருள்? அடிக்கு அடி, வசைக்கு வசை என்ற கணக்கைத்தான் இயேசு தடுக்கிறார். முந்தின வசனம் "கண்ணுக்குக் கண்" என்று தொடங்குவதைப் பார்த்தாலே இது விளங்கும்.

இயேசு தாமே அறை வாங்கிய இடம் யோவான் 18:22. பிரதான ஆசாரியனுக்கு முன் நிற்கையில் சேவகன் ஒருவன் அறைகிறான். அவர் மறு கன்னத்தைத் திருப்பவில்லை, மௌனமாகவும் இருக்கவில்லை. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்கிறார். இதைப் பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டினே கவனித்து, மலைப்பிரசங்கத்தின் கட்டளை முதலில் உள்ளத்துக்கானது என்று விளக்கினார். அந்த வாக்கியத்தைச் சற்று நின்று பாருங்கள். முதல் பாதி, தன்மேல் தவறு இருக்கலாம் என்பதற்கு இடம் விடுகிறது. ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பை அடித்தவனிடம் ஒப்படைக்கிறது. இரண்டாம் பாதி கேள்வியோடு நின்றுவிடுகிறது. வசை இல்லை, மிரட்டல் இல்லை, அடித்தவனின் பிறப்பையோ தொழிலையோ இழுக்கவில்லை. "வையப்படும்போது பதில்வையாமலும், பாடுபடும்போது பயமுறுத்தாமலும்" என்று 1 பேதுரு 2:23 சொல்வது இதைத்தான். பதிலுக்கு வையவில்லை என்றுதான் பேதுரு எழுதுகிறார். பதிலே பேசவில்லை என்று எழுதவில்லை.

அவமதித்தவர் சபைக்குள் இருப்பவரானால் மத்தேயு 18:15-17 வரிசையே போட்டுத் தருகிறது. முதலில் அவரைத் தனியாகப் பார்த்துப் பேச வேண்டும். கேட்கவில்லையென்றால் இன்னும் ஓரிருவரோடு போக வேண்டும். அதற்கும் மசியவில்லையென்றால்தான் சபை. நடைமுறையில் இது கெட்டுப்போவது இரண்டு இடங்களில். ஒன்று, வரிசை தலைகீழாகிறது: முதலில் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, அப்புறம் "தனியாகப் பேசலாம்" என்று அழைக்கிறார்கள். ஊரறிய மானம் போனவர் தனியறையில் எதை ஒப்புக்கொள்வார்? இரண்டு, உடன் அழைத்துப் போகும் ஓரிருவர் நம் கட்சிக்காரர்களாக இருக்கிறார்கள். அந்த ஏற்பாடு உபாகமம் 19:15-இன் சாட்சி விதியிலிருந்து வருகிறது. சாட்சி என்றால் நம் பேச்சையும் சேர்த்துக் கவனிப்பவர். நாம் மிகைப்படுத்தினால் நம்மைத் திருத்த வேண்டியவர். அவமதித்தவர் நாமாகவே இருந்தால் வழி இன்னும் குறுகியது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்பாக அப்படியே வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாக வேண்டும் (மத்தேயு 5:23-24). அதற்கு முந்தின வசனத்தில், சகோதரனை "வீணன்", "மூடன்" என்று சொல்வதே தீர்ப்புக்குரிய குற்றமாக எண்ணப்படுகிறது.

இங்கே ஒரு சங்கடத்தை மறைக்க விரும்பவில்லை. "மூடனே" என்று சொல்லாதே என்றவரே மத்தேயு 23:17-இல் "மதிகேடரே, குருடரே" என்கிறார். "மூடன்", "மதிகேடர்" இரண்டுக்கும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். அதிகாரத்தில் இருப்பவர்களை, கூட்டத்தின் நடுவே, நேருக்கு நேராகச் சாடியது அது என்று சொல்லலாம். அது முழு விடை ஆகிவிடாது. தேவாலயத்தில் வியாபாரத்தைத் துரத்த இயேசு எடுத்த சவுக்கை மேற்கோள் காட்டுபவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: சவுக்கு யோவான் 2:15-இல் மட்டுமே வருகிறது; ஆடுமாடுகளைத் துரத்தியதைச் சொல்லும் அந்த இடத்தில் எந்த மனிதர்மேலும் அடி விழுந்ததாக எழுதப்படவில்லை.

இனி விவாதத்தின் மையம். தம்மை இழிவுபடுத்தியபோது சீஷர்கள் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு சொன்னாரா? சொன்னார். லூக்கா 9:51-56-இல் யூதர்கள் தாழ்வாகப் பார்த்த சமாரியரின் கிராமம் ஒன்று அவரை ஏற்க மறுக்கிறது. எலியாவைப்போல வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்கிறார்கள். அன்று அதட்டு வாங்கியது கிராமம் அல்ல, சீஷர்கள். பிறகு "வேறொரு கிராமத்துக்குப் போனார்கள்", அவ்வளவுதான். அடுத்த அதிகாரத்திலேயே நல்ல சமாரியன் உவமை வருகிறது. அப்போஸ்தலர் 8-இல் அதே யோவான் சமாரியாவுக்குப் போய் அந்த மக்கள்மேல் கைகளை வைத்து ஜெபிக்கிறார். அக்கினி இறங்கியிருந்தால் அந்தக் காட்சிக்கே வழியில்லை.

யோவான் 8:48-ம் கவனிக்கத்தக்கது. "நீ சமாரியன், பிசாசு பிடித்தவன்" என்று இரண்டு வசைகள் வருகின்றன. பிசாசு பிடித்தவனல்ல என்று மறுக்கிறார். சமாரியன் என்றதை மறுக்கவே இல்லை. அதை மறுத்தால், சமாரியனாக இருப்பது இழிவு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வசைக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் மூன்றாமவரைத் தாழ்த்திவிடாமல் இருக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. "விசுவாசத்தின் மானம்" என்று பேசுவோர் மத்தேயு 12:32-ஐயும் படிக்கட்டும்: மனுஷகுமாரனுக்கு (இயேசு தம்மையே அப்படிச் சொல்வார்) விரோதமான வார்த்தை மன்னிக்கப்படும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் மன்னிப்பதாகச் சொன்ன குற்றத்துக்கு, அவர் பெயரால் தண்டனை கேட்க நமக்கு ஏது அதிகாரம்?

இந்தப் போதனையால் நடக்கும் மிகப் பெரிய தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது. கணவனிடம் அடிவாங்கும் பெண்ணிடம் "மறு கன்னத்தைக் காட்டு, பொறுத்துப் போ" என்று ஆலோசனை சொல்லும் போதகர்கள் இருக்கிறார்கள். அடிபட்டவர் தாமாக எடுக்கும் முடிவுக்குத்தான் அந்த வசனம். அடிப்பவனோ வேடிக்கை பார்ப்பவரோ அதைக் கட்டளையாக்க முடியாது. தவிர, தப்பிப் போவதும் நற்செய்தியில் உள்ளதுதான். மலையிலிருந்து தள்ளப் பார்த்தபோது இயேசு விலகிப் போனார் (லூக்கா 4:29-30). கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டார் (யோவான் 8:59). ஒரு பட்டணத்தில் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்துக்கு ஓடிப்போங்கள் என்றார் (மத்தேயு 10:23). சட்டத்தை நாடுவதும் தவறல்ல. பிலிப்பியில் விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் தாங்களே வந்து வெளியே அழைத்துப்போகும்வரை பவுல் நகர மறுத்தார். பிறகு இராயனிடம், அதாவது ரோமப் பேரரசனிடம், மேல்முறையீடும் செய்தார். அதே பவுல் ஆலோசனைச் சங்கத்தில் வாய் தவறி "வெள்ளையடிக்கப்பட்ட சுவரே" என்று ஏசிவிட்டு, ஏசப்பட்டவர் பிரதான ஆசாரியர் என்று அறிந்ததும் வேதவசனத்தைச் சொல்லித் தம் பிழையை ஏற்கிறார் (அப்போஸ்தலர் 23:3-5).

இந்தப் போதனை போருக்கும் பொருந்துமா என்பதில் சபைகள் ஒருமனப்பட்டதில்லை. பேதுருவின் ஆயுதத்தை வாங்கியபோதே எல்லாப் படைவீரரின் கச்சையையும் ஆண்டவர் அவிழ்த்துவிட்டார் என்றார் தொடக்கக் காலத் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன். அகஸ்டின் நியாயமான போருக்கு இடம் கொடுத்தார். 1527-இல் ஷ்லைட்ஹைமில் கூடிய அனபாப்டிஸ்டுகள் என்ற சீர்திருத்தப் பிரிவினர் வாளையே விலக்கினார்கள். முந்தைய நூற்றாண்டுகளின் நியாயப் போர் அளவுகோல்களை இன்று கையாள்வது மிகக் கடினம் என்று 2020-இல் போப் பிரான்சிஸ் எழுதினார். ஆனால் வசைக்கு வசை சொல்லலாம் என்று எந்தப் பிரிவும் போதனையாக எழுதிவைத்ததாக நான் பார்த்ததில்லை. கடைப்பிடித்தார்களா என்பது வேறு கதை. சீர்திருத்தத் தலைவர் லூத்தரின் வசை நிறைந்த துண்டுப்பிரசுரங்களைப் படித்தவர்கள் இந்த இடத்தில் சிரித்துக்கொள்வார்கள்.

கடைசியாக, "உங்களை நிந்திக்கிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள்" என்ற லூக்கா 6:28. இணையத்தில் யாராவது இயேசுவை ஏசினால், கீழே பத்துப் பேர் "உனக்காக ஜெபிக்கிறேன்" என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் அது ஜெபம் அல்ல, பக்தி பூசிய புறங்கை அறை; படிப்பவருக்கு அது உடனே உறைக்கிறது. நிந்திப்பவருக்காக ஜெபிக்கச் சொன்ன வசனத்தில், ஜெபிக்கிறேன் என்று அவரிடம் போய் அறிவிக்கச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வேதாகம வகுப்பு எடுக்கும் ஒரு வாசகர்