கிறீஸ் பூச முன்னர் வடத்தைக் கழுவுங்கள்

ஆசிரியருக்கு,

வாடை நெருங்குகிறது. திருகோணமலை, கிண்ணியா, மூதூர்க் கரைகளில் வள்ளங்களையும் பலநாள் கலங்களையும் மேலே இழுத்து ஏற்றும் வின்ச்சுகளுக்கு இனி ஓய்வு குறைவு. இந்த நாட்களில் வின்ச்சின் கம்பி வடத்துக்குக் கிடைக்கும் ஒரே கவனிப்பு பெரும்பாலும் ஒரு வாளி கிறீஸ்தான். துருவையும் அறுந்த கம்பிகளையும் கண்ணுக்குத் தெரியாமல் மூடுவதற்கு அதைவிட நல்ல வழி இல்லை.

சாதாரண வின்ச் வடத்தில் ஆறு புரிகள் (பல கம்பிகளை முறுக்கிய இழைகள்) நடுநார் ஒன்றைச் சுற்றி முறுக்கப்பட்டிருக்கும். கப்பியில் வளையும் ஒவ்வொரு தடவையும் புரிகள் ஒன்றோடொன்று உரசும். உப்புத்தண்ணீர் நாருக்குள் இறங்கினால் இலேசில் வெளியேறாது. அதனால் மேல்கம்பிகள் பளபளக்கும்போதே உள்ளே துரு அரித்துக்கொண்டிருக்கும். புரிகளின் இடைவெளியில் செந்தூள் கசிந்தால் அது உள்ளிருந்து வருவது.

முதலில் பாரத்தை இறக்கி, வின்ச் இயங்காதபடி பூட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் கம்பித் தூரிகையும் கொண்டு வடத்தைக் கழுவவேண்டும். பிறகு பழந்துணியொன்றைச் சுற்றி மெதுவாக இழுத்துப் பாருங்கள். அறுந்த முனை துணியில் கொளுவும். வெறுங்கையால் தடவவே கூடாது. தளர்ந்த வடத்தைக் கொஞ்சம் வளைத்தால், படுத்துக்கிடக்கும் முனைகளும் எழும்பும். புரியின் மேட்டில் அறுவது பெரும்பாலும் தேய்மானத்தாலும் வளைந்து வளைந்து களைப்பதாலும். இரண்டு புரிகள் சந்திக்கும் பள்ளத்தில் அறுந்திருந்தால் கோளாறு உள்ளே இருக்கிறது. ஒரு புரி வடத்தை முழுதாக ஒருமுறை சுற்றிவரும் நீளத்துக்குள் (16 மி.மீ. வடத்தில் ஏறக்குறைய 10 செ.மீ.) பள்ளத்தில் இரண்டு கம்பிகள் அறுந்திருக்கக் கண்டால் அந்த வடத்தை வைத்திருக்கக் கூடாது.

அடுத்தது விட்டம். விட்டம் அளக்கும் கலிப்பரின் வாய் எதிரெதிர்ப் புரிகளின் மேட்டில் இருக்கவேண்டும், பள்ளத்தில் அல்ல. ஒரே இடத்தில் குறுக்காக இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். பாரந்தூக்கி வடங்களுக்கான ஐஎஸ்ஓ 4309 என்ற சர்வதேச தர விதியை வின்ச்சுக்கும் பிடித்துக்கொள்ளலாம்: நடுநார் உள்ள வடம், புதிதில் அளந்த விட்டத்திலிருந்து, பெயரளவு விட்டத்தின் 10 சதவீத அளவு மெலிந்தால் கழிவு, நடுவில் உருக்கு என்றால் 7.5. புதிதாகப் போட்டபோது 16.4 மி.மீ. இருந்த 16 மி.மீ. நார் வடம் 14.8க்கு இறங்கினால் ஆயுள் முடிந்தது. ஆனால் அந்த 16.4ஐ அன்றைக்கே யாரும் குறித்து வைப்பதில்லை, வில்லங்கம் அங்கேதான். ஓரிடத்தில் மட்டும் இடுப்பு ஒடுங்கினதுபோல் தெரிந்தால் கணக்கே வேண்டாம், உள்நார் இற்றுப்போய்விட்டது.

முழு வடத்தையும் ஒரே சீராகப் பார்க்க நேரமில்லை என்றால், கப்பியில் ஓடும் பகுதி, டிரம்மில் சுற்று மாறி ஏறும் இடம், ஈரமும் வெயிலும் மாறிமாறிப் படும், கலத்தைத் தாங்கும் தொட்டில் பக்கம், முனைக் கண்ணியிலிருந்து முதல் ஒரு மீற்றர் ஆகியவற்றை விடாதீர்கள். கண்ணிக் கிளிப்புகளில் யூ வளைவு, பாரம் சுமக்காத குறுமுனைப் பக்கம் இருக்கவேண்டும். மாறிப் போட்டால் பாரம் சுமக்கும் வடத்தையே அது நசுக்கும். முதல் பாரம் ஏற்றியபின் நட்டுகளை மறுபடி இறுக்கவும் வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எண்ணெய். தடித்த கிறீஸ் மேலேயே நின்றுவிடும். உள்ளே ஊறும் மெல்லிய வட எண்ணெயை, கப்பியில் வளைந்து புரிகள் சற்று விரியும் இடத்தில் ஊற்றவேண்டும். கழிவு எஞ்சின் ஒயிலைத் தொடாதீர்கள்: அதிலுள்ள அமிலமும் உலோகத் தூளும் கம்பியைத்தான் தின்னும்.

வடம் பொருத்தும் தொழிலாளர் சிலர்,
திருகோணமலை.