ஒரே செற்றிங்கில் இரண்டு குழுக்களையும் வாசிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சீசன் காலத்தில் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வாசிக்கும் எங்கள் இளைஞர்கள் கன்ஸ் அன் றோசஸ், நிர்வானா என்ற இரண்டு அமெரிக்க றொக் குழுக்களின் பாட்டுகளை அடுத்தடுத்து, ஒரே கிற்றாரில், ஒரே செற்றிங்கில் வாசிக்கிறார்கள். இதனால் இரண்டுமே கெடுகின்றன.

1991 செப்ரெம்பர் 17இல் கன்ஸ் அன் றோசஸின் இரண்டு அல்பங்களும், 24இல் நிர்வானாவின் 'நெவர்மைன்ட்' அல்பமும் வந்தன. இரண்டு குழுவும் கெஃபன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கீழேயே இருந்தன. கன்ஸ் அன் றோசஸ் சேர்ந்து சுற்றுப்பயணம் போகக் கேட்டபோது நிர்வானா மறுத்துவிட்டது. அந்தப் பகை ஒருபுறம் இருக்கட்டும். வாசிப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சுருதி.

கன்ஸ் அன் றோசஸ் ஆறு தந்திகளையும் அரைச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்கள். நிர்வானாவின் பிரபலமான பாட்டுகள் பல சாதாரண சுருதியிலேயே இருக்கின்றன. இரண்டு கிற்றார் இருந்தால் பிரச்சினை இல்லை. ஒன்றுதான் என்றால் அதை அரைச் சுருதி இறக்கி வைத்து, நிர்வானாவுக்கு முதல் கட்டில் (ஃபிரெட்டில்) கேப்போ, அதாவது தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி, போடுங்கள். கேப்போ சுருதியை ஏற்றும், இறக்காது. அதனால் இதைத் தலைகீழாகச் செய்ய முடியாது. பேஸ் கிற்றாரும் கூடவே இறங்க வேண்டும். கன்ஸ் அன் றோசஸ் பாட்டுகளுக்குக் கீபோர்ட்டில் ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும் வசதி) மைனஸ் 1. ஒன்பதாம் நம்பர் மெல்லிய தந்தியை இறக்கினால் தளர்ந்து கட்டில் அடித்து இரையும். பத்து அல்லது பதினொன்று போடுங்கள். கடற்காற்றில் தந்தி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

கன்ஸ் அன் றோசஸின் கிற்றார் கலைஞர் ஸ்லாஷின் நாதம் லெஸ் போல் கிற்றாரும் மார்ஷல் அம்ப்பும் சேர்ந்து வருவது. பலர் நினைக்கும் அளவுக்கு அதில் கெய்ன் (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) இல்லை. கெய்னைப் பாதியில் வையுங்கள், மிட்டை (நடு அலைவரிசை ஒலியை) குறைக்காதீர்கள். குறைத்தால் சோலோ றம்ஸுக்குள் புதைந்துவிடும். அந்தக் குழுவில் இரண்டு கிற்றார்கள் இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. ஒருவர் மட்டும் வாசித்தால் சோலோ நேரத்தில் அடித்தளத்தைப் பேஸ்தான் தாங்க வேண்டும்.

நிர்வானாவின் உயிர் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. சரணம் மெதுவாக, சுத்தமான நாதத்தில் போகும். பல்லவியில் டிஸ்டோர்ஷன் பெடலை (ஒலியைக் கரகரப்பாக்கும் கால்விசையை) மிதித்ததும் வெடிக்கும். அதிகம் நடக்கும் பிழை, பெடலின் லெவலைச் சுத்தமான நாதத்துக்குச் சமமாக வைப்பது. டிஸ்டோர்ஷன் ஒலியை நசுக்கிவிடும், ஆகவே சமமாக வைத்தால் பல்லவி சிறுத்துத்தான் கேட்கும். லெவலைத் தெளிவாகக் கூட்டி வையுங்கள்.

அதற்குப் பிறகும் மிக்ஸரில் இருப்பவர், நல்லது செய்வதாக நினைத்து, சரணத்தில் ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுவிசையை) ஏற்றிப் பல்லவியில் இறக்கிவிடுகிறார். பாட்டு தட்டையாகிவிடுகிறது. சவுண்ட்செக் நேரத்தில் பல்லவியை முழுச் சத்தத்தில் வாசித்து அளவை எடுக்கச் சொல்லுங்கள், பிறகு பாட்டு முடியும்வரை அந்த ஃபேடரைத் தொட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.