திருப்பணி நிறைவு அறிக்கை: மகாமண்டபச் சுவர் ஓவியங்கள்

அன்பார்ந்த ஆலய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

அம்மன் அருளால் திருக்குடமுழுக்கு நல்லபடியாக நடந்தேறி, 48 நாள் மண்டலாபிஷேகமும் நிறைவடைந்தது. விமானம், சுதைச் சிற்பங்கள், கூரை, மடைப்பள்ளி வேலைகளை எல்லாரும் நேரில் பார்த்துவிட்டீர்கள். தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு அலுவலகப் பலகையில் இருக்கிறது. பலரும் கேட்ட ஒரு கேள்விக்குத்தான் இங்கே அதிக இடம் கொடுக்கிறோம்: "எல்லாவற்றுக்கும் புது வர்ணம் அடித்தீர்களே, மகாமண்டபத்து ஓவியங்களை மட்டும் ஏன் தொடவில்லை?"

அந்த ஆறு ஓவியங்களும் நம் ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்படுவதற்கு முன்பு, காலையில் பால்மரம் சீவிவிட்டு மாலையில் தூரிகை பிடித்த ஒருவர் வரைந்தவை. தோட்டம் போனது, லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகள் போயின, நாமும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுன் பக்கம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டோம். அந்தக் காலத்துக் கைவேலையில் நம்மிடம் மிஞ்சியது இந்தச் சுவர்தான். அதன் மேல் எனாமல் பெயிண்ட் அடித்தால் பளிச்சென்று இருக்கும். ஆனால் அவர் வரைந்தது போய்விடும். அதனால் முதலில் நோய் என்னவென்று பார்ப்போம், அப்புறம் மருந்து என்று செயற்குழு முடிவெடுத்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் இருவர் வழி காட்டினார்கள். நடை சாத்திய பிறகு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தோம். சாய்வொளிப் படம் என்று இதைச் சொல்கிறார்கள். அம்மனின் காற்சலங்கைக்குப் பக்கத்தில், பகலில் வழவழப்பாகத் தெரிந்த இடம், அந்த வெளிச்சத்தில் வற்றிய குளத்துச் சேறு மாதிரி பாளம் பாளமாக வெடித்து, ஓரங்கள் சுருண்டு நின்றது. ஒரு செதிலின் நிழலே அரை விரல் நீளம். பக்கத்தில் நின்ற பொருளாளர் மூச்சு விடவும் பயந்தார்.

அடுத்தது புற ஊதா விளக்கு. பழைய துத்தநாக வெள்ளை அதில் மஞ்சள் கலந்து ஒளிரும். டைட்டானியம் வெள்ளை கறுத்துத் தெரியும். பின்னாளில் யாரோ ஒட்டுப்போட்ட இடமெல்லாம் கறுப்புத் திட்டாக எழுந்து வந்தது.

அகச்சிவப்புப் படம்தான் எங்களை உட்கார வைத்துவிட்டது. நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளியைத்தான் பார்க்கும். கேமராவின் சென்சார் 1000 வரை உணரும். அகச்சிவப்பைத் தடுக்கும் உள்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறைக்கும் வடிகட்டியை லென்ஸில் மாட்ட வேண்டும். எல்.ஈ.டி. விளக்கில் அகச்சிவப்பு இல்லாததால் பழைய ஹாலஜன் விளக்கைத் தேடிப் பிடித்தோம். சிவப்பு வர்ணம் பெரும்பாலும் அந்த ஒளியை உள்ளே விட்டுவிடும், கரி விடாது. ஓவியத்தின் கீழ் ஓரத்துச் சிவப்புப் பட்டைக்கு அடியில் கரிமை எழுத்து எழும்பியது: "உபயம் மேட்டு லயத்தார்." அந்த லயத்தில் பிறந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். படத்தைக் காட்டியபோது ஒரு பாட்டி அந்த எழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். நம்முடையது சின்னச் சுவர். ஆனாலும் மேலே அடித்ததற்குக் கீழே ஒன்று இருக்கலாம் என்ற எச்சரிக்கை நமக்கும் பொருந்தும்.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். முதல் அகச்சிவப்புத் தொகுதி முழுக்க மங்கலாகிப்போனது. அகச்சிவப்புக்குக் குவியம் வேறு என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டு இரவு வேலை வீண். அதன்பின் கேமரா நிற்கும் இடத்தில் தரையில் பித்தளை ஆணி அடித்தோம். அதே தூரம், அதே லென்ஸ், அதே விளக்கு, ஓரத்தில் 24 கட்டம் உள்ள வண்ண அட்டை. இவை மாறினால் இரண்டு படங்களை ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்ததை முதல் படத்தின் மேல் பொருத்திப் பார்த்தபோது, செதில் பரவியது தெற்குச் சுவரின் அடிப்பகுதியில் மட்டும் என்று தெரிந்தது. முந்தைய திருப்பணியில் வெளிப்புறம் சிமெண்டு பூசிய அதே சுவர். நல்லதென்று நினைத்துத்தான் பூசினோம். ஆனால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்பக்கம் வந்தது. கூடவே உப்பையும் கரைத்துக்கொண்டு வந்தது. நீர் உலர்ந்ததும் உப்பு படிகமாகி வர்ணத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. எனவே சிமெண்டை மூன்றடி உயரத்துக்குக் கொத்தியெடுத்துச் சுண்ணாம்பு பூசினோம். மழைநீருக்குத் தனிக் கால்வாய் வெட்டினோம். ஓவியத்துக்காகச் செய்த வேலை என்றால் இதுதான். வார்னிஷ் அடிக்கலாம் என்ற யோசனையை ஏற்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் அஜந்தாவில் பூசிய அரக்கு மெருகு பின்னாளில் மஞ்சளித்துப்போன கதை நமக்குப் போதும்.

ஓவியம் மங்கலாகத் தெரிகிறதே என்று வருந்திய உபயக்காரர்களின் மனம் எங்களுக்குப் புரிகிறது. அவர்கள் கொடுத்த பணம்தான் சுவருக்கு வெளியே வேலை செய்கிறது.

இனி மகாமண்டபத்தில் கற்பூரத் தட்டு கிடையாது. தீபாராதனையை வாசல் மண்டபத்தில் ஒற்றிக்கொள்ளலாம். தெற்குச் சுவரில் சாயவோ கை வைக்கவோ வேண்டாம், பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். ஆடித் திருவிழா முடிந்த மறுவாரம் அடுத்த படம் எடுக்கிறோம். பித்தளை ஆணிகளை யாரும் பிடுங்கிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஆலயத் திருப்பணிக் குழு