மகளுக்கு: காருக்கு ஒயில் நீயே மாற்று

பரந்தன்

அன்பு மகளுக்கு,

நீ வட்ஸ்அப்பில் அனுப்பின சேர்விஸ் பில்லை வரிவரியாகப் பார்த்தேன். ஏன் இவ்வளவு வந்தது என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும், அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் காருக்குள்ளேயே வைத்திரு.

நீ போனது ஒயில் மாற்ற. பில்லில் இருப்பது ஒயில், பில்டர், கூலி, அடிப்பக்கம் கழுவினது, என்ஜினுக்குள் விட்டுக் கழுவுகிற ஒரு போத்தல், ஒயிலோடு கலக்கிற இன்னொரு போத்தல். அந்தப் போத்தல் இரண்டும் உன் காருக்குத் தேவையில்லை. என்ஜினைச் சுத்தமாக வைத்திருக்கிற மருந்து நல்ல ஒயிலுக்குள் கலந்துதான் கானில் வருகிறது. ஒயில் கறுத்துப்போச்சு என்று, ஒயில் அளவு பார்க்கிற ஸ்ரிக்கை இழுத்துக் காட்டியிருப்பார்கள். ஒயில் கறுக்கத்தான் செய்யும். கரியைத் தனக்குள் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. எப்போது மாற்றுவது என்பதை நிறம் சொல்லாது, ஓடின கிலோமீற்றரும் போன மாதங்களும்தான் சொல்லும். காரோடு வந்த புத்தகத்தில் அது இருக்கிறது. புழுதி றோட்டிலும் கிட்டக் கிட்டத் தூரமும் ஓடுகிறவர்கள் அதைவிடக் கெதியாக மாற்ற வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருக்கும். நீ வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கும்தான் ஓடுகிறாய், அது உன்னைப் போன்றவர்களுக்குச் சொன்னது.

கூலி பெரிய காசில்லை. அது மட்டும்தான் மிச்சம் என்றால் நான் பேனையை எடுத்திருக்க மாட்டேன். 4 லீற்றர் கான் ஒன்றுக்கு முழு விலை போட்டிருக்கிறார்கள். உன் அல்ட்டோவுக்குப் பில்டரோடு சேர்த்து மாற்றினாலும் 3 லீற்றர் பிடிக்காது. மிச்சம் ஒரு லீற்றருக்கு மேல் வர வேண்டும். அந்தக் கானை உன் கையில் தந்தார்களா? நீயே கான் வாங்கி வைத்திருந்தால் மூன்று கானில் நாலு தரம் மாற்றலாம். மூடியை இறுக்கி வெயில் படாத இடத்தில் வைத்தால் ஒயில் பழுதாகாது. 2022இல் இலங்கை ரூபாய் விழுந்தபோது ஒயில் விலை எப்படி ஏறினது என்று நீயும் கண்டனீதானே. 2020இலிருந்து வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்து 2025 மாசியில்தான் திறந்து விட்டார்கள். திறந்த பிறகும் எங்களைப் போன்ற ஆக்கள் புதுக் கார் வாங்கலாம் என்றில்லை. இருக்கிற என்ஜினை வைத்துத்தான் இன்னும் கனகாலம் ஓட வேண்டும்.

நீ பிறக்கிறதுக்கு முந்தின காலத்தை ஒருக்கால் சொல்ல வேண்டும். யுத்தத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை இருந்தபோது வன்னிக்குள் பெற்றோல் வர விடவில்லை. மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டை, எண்ணெயும் காற்றும் கலக்கிற காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, என்ஜின் சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. எரியாமல் மிஞ்சினது சிலிண்டர் சுவரால் வழிந்து, பிஸ்ரன் ரிங்கைத் தாண்டி, கீழே ஒயிலோடு கலந்துவிடும். ஸ்ரிக்கில் பார்த்தால் ஒயில் குறையாதது மட்டுமில்லை, கூடியும் இருக்கும். அனுபவம் இல்லாதவன் அதைப் பார்த்துச் சந்தோசப்படுவான். தண்ணியாய்ப் போன அந்த ஒயில் பெயாரிங்கைத் தின்று, ஒரு நாள் என்ஜின் நடுறோட்டில் இறுகி நிற்கும். அதனால் அந்த நாளில் நாங்கள் ஸ்ரிக்கை இழுத்தால் அளவைப் பார்ப்பதோடு விடமாட்டோம். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணப்போம், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் ஒரு சொட்டை வைத்துத் தேய்ப்போம். வழுவழுப்பு இல்லையென்றால் ஒயில் முடிந்தது. சீல் உடையாத கான் தாராளமாக வந்தது 2002இல் வன்னிக்கூடாகப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகுதான். அதுவரை எத்தனையோ நல்ல என்ஜினைக் காப்பாற்றினது அந்த மூக்கும் விரலும்.

அந்தப் பழக்கத்தை நீயும் பழகு. மாதத்தில் இரண்டு தரம், காலையில் ஸ்ராட் பண்ண முதல், சமதரையில் வைத்து ஸ்ரிக்கை இழுத்துத் துடைத்து, திரும்ப விட்டு இழுத்துப் பார். பெற்றோல் மணந்தாலோ, பால் விட்ட தேத்தண்ணி நிறத்தில் இருந்தாலோ ஓடாதே, கராஜுக்குச் சொல்லு. அந்த நிறம் வந்தால் உள்ளே தண்ணி கலந்திருக்கிறது.

இனி வேலை. முதலில் உயிர் விசயம். எங்கட ஊரில் கார் தூக்குகிற எல்லாரும் சீமெந்துக் கல்லை அடுக்கி வைக்கிறார்கள். நீ அதைச் செய்யவே கூடாது. சீமெந்துக் கல் வெடிக்கும் முன்னம் ஒரு அறிகுறியும் காட்டாது. வெறும் ஜக்கை நம்பியும் காருக்கு அடியில் போகாதே, கை மட்டும் விட்டாலும் அதுதான். வீட்டு நிலைக்கு எடுத்து மிஞ்சின பாலைப் பலகை கிடக்கிறது. அதில் படி வைத்து இரண்டு ஏற்றம் செய்து கொண்டிருக்கிறேன். முன் ரயர் இரண்டையும் அதில் ஏற்றி, ஹான்ட் பிறேக் போட்டு, கியரில் விட்டு, பின் ரயருக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தால் போதும், ஜக்கே தேவையில்லை. பாலை மரம் இந்தக் காரைப்போல் இரண்டைத் தாங்கும்.

ஏற்றத்தில் ஏற்ற முதலே என்ஜினை ஐந்து நிமிசம் ஓட விட்டு நிற்பாட்டு. ஒயில் இளஞ்சூட்டில் நல்லாக வடியும். நீண்டதூரம் ஓடிவந்த கையோடு கழற்றினால் கை வெந்துவிடும். ஒயில் விடுகிற மூடியை மேலே திறந்து வைத்துவிட்டு, கீழே சம்ப் நட்டுக்கு, அதாவது ஒயில் தங்குகிற தட்டின் அடி நட்டுக்கு நேரே பழைய பேசினை வை. நட்டுக்கு ரிங் ஸ்பனர்தான் போட வேண்டும். வாய்த் திறந்த ஸ்பனர் மூலையை மழுக்கிவிடும், பிறகு அதைக் கழற்ற ஆள் தேட வேண்டி வரும். கடைசிச் சுற்றில் நட்டை மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு சுற்றி, சட்டென்று இழு. கையுறை போட்டுக்கொள், பழைய ஒயில் தோலுக்குக் கூடாது.

வடிந்து முடிய இருபது நிமிசமாவது விடு. நட்டோடு இருக்கிற வொசரைப் பார்: ஒரு பக்கம் அழுந்தி வட்டமாகப் பள்ளம் விழுந்திருக்கும். ஒரு தரம் நசுங்கின வொசர் அடுத்த தரம் வடிவாக அடைக்காது, ஒவ்வொரு முறையும் புதிது போடு. சில்லறைக் காசுதான். நட்டைத் திரும்பப் போடும்போது முதல் நாலைந்து சுற்றும் விரலால் மட்டும். விரலுக்கு இறுகினால் புரி கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்பப் போடு. கடைசியில் ஸ்பனரால் ஒரு அளவான இறுக்கு. பலம் காட்டினால் புரி கழன்றுவிடும், பிறகு சம்பே மாற்ற வேண்டும்.

பில்டர் கைக்கு வழுக்கினால் பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிப் பிடித்துத் திருப்பு. கழன்றதும் பழைய ரப்பர் வளையம் அதோடு வந்ததா என்று கட்டாயம் பார். அது என்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க அதன்மேல் புதிதைப் பூட்டினால் ஓடத் தொடங்கினதும் ஒயில் முழுக்கப் பீச்சிவிடும். புதுப் பில்டரின் வளையத்தில் விரலால் கொஞ்சம் புது ஒயில் பூசி, கையால் பூட்டு. வளையம் முட்டின பிறகு முக்கால் சுற்று, அவ்வளவுதான்.

புத்தகத்தில் போட்ட அளவைவிடக் கொஞ்சம் குறைத்து விட்டு, கியரை நியூற்றலுக்கு எடுத்து ஸ்ராட் பண்ணு. சிவப்பு ஒயில் லைற் சில செக்கனில் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிற்பாட்டு. ஒரு நிமிசம் ஓட விட்டுக் கீழே சொட்டுகிறதா என்று ரோச் அடித்துப் பார். காரை இறக்கிச் சமதரையில் விட்டு, ஐந்து நிமிசம் கழித்து ஸ்ரிக்கைப் பார்த்து மிச்சத்தை விடு. மேல் கோட்டைத் தாண்டக்கூடாது. கூடினால் ஒயில் நுரைத்து, வேண்டிய இடத்துக்குப் போகாது.

பழைய ஒயிலைப் பற்றி நீ என்னைவிடக் கவனமாக இருக்க வேண்டும். எங்கட பக்கத்தில் கறையானுக்கென்று தூணுக்கும் வேலிக் கட்டைக்கும் பூசுவார்கள். உன் வாடகை வீட்டு வளவு மட்டக்களப்பு மணல், கிணற்றில் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணி. அந்த மணலில் ஊற்றினது கிணற்றுக்குப் போகக் கனநாள் எடுக்காது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது சனம் குடிக்கத் தண்ணிக்குப் பவுசரைப் பார்த்துக்கொண்டு நின்றதை நீ பேப்பரில் வாசித்திருப்பாய். ஊறின எண்ணெயை மண்ணிலிருந்து திரும்ப எடுக்கிறது லேசில்லை. சொட்டும் சிந்தாமல் வெற்றுக் கானில் விட்டு மூடி, கிட்ட இருக்கிற கராஜில் கொடு. கழிவு ஒயில் எடுக்க அவர்களிடம் ஆக்கள் வருவார்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

புது ஒயில் வாங்கும்போது மூடியின் சீலைப் பார்த்து, தெரிந்த கடையில் வாங்கு. கலப்பட ஒயில் பழைய கானில் அடைத்து வருகிறது. முடிந்த கானைக் குத்தி ஓட்டையாக்கி எறி. உனக்கு வேண்டியது ஒயிலின் தடிப்பைச் சொல்ல புத்தகத்தில் போட்டிருக்கிற இலக்கம், விலை கூடினதெல்லாம் திறம் என்றில்லை.

பிறேக் வேலையில் மட்டும் நீ கை வைக்காதே, அதைப் படித்தவனிடம் விடு.

அடுத்த மாதம் அம்மாவும் நானும் சின்ன மாமாவின் வானில் வருகிறோம். ஏற்றம் இரண்டையும் கொண்டுவருவேன். ரிங் ஸ்பனர் என்னிடம் இருக்கிறது, வாங்காதே. பில்டரும் வொசர் இரண்டும் நீ வாங்கி வை. கிலோமீற்றர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து அனுப்பு.

அப்பா