‘முடியாது’ என்று சொன்னவர்களுக்கும் சேர்த்து ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். ஃபார்முலா 4 பந்தயத் தொடரில் என் மகளின் முதல் பருவம் சென்ற வாரத்தோடு நிறைவடைந்தது. பருவம் முழுவதிலும் அவள் ஒருமுறைகூட வெற்றி மேடை ஏறவில்லை. ஒரே ஒரு பந்தயத்தில் ஆறாவதாக வந்தாள். மொத்தப் புள்ளிப் பட்டியலில் அவளுக்குப் பதினான்காம் இடம். கோப்பை வாங்கியவர்கள் எழுத வேண்டிய மடலைப் பதினான்காம் இடத்துக்காரியின் தகப்பன் எழுதுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று குறித்துக்கொள்ள உட்கார்ந்தபோது, நினைவில் வந்து நின்ற முகங்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கட்டத்தில் எங்களிடம் ‘முடியாது’ என்று சொன்னவர்களுடையவை. அப்போதெல்லாம் அவர்களிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் குறையையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பந்தய உலகோடு பழக்கமில்லாத உறவினர்களும் நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சிறு விளக்கம். சர்வதேச ஆட்டோமொபைல் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. வகுத்த விதிகளின்படி 2014இல் தொடங்கிய பிரிவு ஃபார்முலா 4. சிறு பந்தய வண்டியான கோ-கார்ட் ஓட்டி வளர்ந்த பிள்ளைகள் 15 வயது நிரம்பியதும் முதன்முதலாக உட்காரும் உண்மையான பந்தயக் கார் இது. ஒரே இருக்கை, மூடப்படாத நான்கு சக்கரங்கள், ஏறத்தாழ 160 முதல் 180 வரை குதிரைத்திறன், ஆறு கியர்கள். பவர் ஸ்டீயரிங் கிடையாது என்பதால் ஒவ்வொரு வளைவிலும் காரைத் திருப்புவது ஓட்டுபவரின் தோளும் முன்கையும்தான். எங்கள் தொடரில் எல்லோருக்கும் ஒரே சேஸி (காரின் அடிச்சட்டம்), ஒரே டயர், முத்திரையிட்ட ஒரே வகை எஞ்சின். ஆகவே பின்தங்கினால் காரின் மேல் பழிபோட அதிக இடமில்லை. ஃபார்முலா 1 ஓட்டுவதற்கான சூப்பர் லைசென்ஸுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் சேர்த்திருக்க வேண்டும். ஃபார்முலா 4 தொடரொன்றில் சாம்பியன் ஆகிறவருக்கே அதில் 12தான் கிடைக்கும். எங்கள் கணக்கில் இன்றைய நிலவரம் பூஜ்யம். “எப்போது ஃபார்முலா 1?” என்று அன்போடு விசாரித்துக்கொண்டிருக்கும் உறவினர்கள் இந்தப் பத்தியையே பதிலாக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் நன்றி எங்கள் தலைமை மெக்கானிக்குக்கு. பருவத்தின் இரண்டாம் சுற்றில் (ஒரு சுற்று என்பது ஒரு வார இறுதியின் பந்தயங்கள்), வெள்ளிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்தின்போது, வளைவின் உட்புறம் தடத்தின் ஓரமாக மேடாக இருக்கும் கெர்ப் மேல் மகள் சற்றுப் பலமாக ஏறி இறங்கினாள். கார் நேராகவே ஓடியது. அவளுக்கும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆனால் அவர் அன்று இரவு முன் இடப்பக்கச் சஸ்பென்ஷனைக் கழற்றி, அதன் கீழ் விஷ்போனை, அதாவது சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் V வடிவக் கையை, துடைத்து, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தைப் பூசி, சற்று நேரம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்து, அதன் மேல் வெள்ளைப் பொடியைத் தெளித்தார். டார்ச் வெளிச்சத்தில் அதை எனக்குக் காட்டினார். பற்றவைப்பின் ஓரமாக, என் சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு, மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு வெள்ளைப் பொடியின் மேல் மெல்ல ஊறி வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு மாற்று உதிரி எங்கள் கையிருப்பில் இல்லை. மறுநாள் காலை, பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்று. “இருபது நிமிட ஓட்டம்தானே, தாங்காதா?” என்று கேட்டேன். கேட்டதை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கார் வெளியே போகாது சார்” என்றார். அவ்வளவுதான்.

2009 ஜூலையில், பிரிட்டனின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் நடந்த ஃபார்முலா 2 பந்தயத்தில், வேறொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் மோதி ஹென்றி சர்டீஸ் இறந்துபோனார். அவருக்கு 18 வயது. அவருடைய தந்தை ஜான் சர்டீஸ், மோட்டார் சைக்கிளிலும் ஃபார்முலா 1இலும் உலக சாம்பியன் பட்டம் வென்ற ஒரே மனிதர். பந்தயத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்திருக்க முடியாது. அப்படிப்பட்டவராலும் தடுக்க முடியாத ஒன்று நடந்தது. ஓட்டுபவரின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ஹேலோ என்னும் காப்பு வளையம் 2018இல் ஃபார்முலா 1இல் கட்டாயமாகி, பிறகு படிப்படியாக எங்கள் பிரிவு வரை வந்திருக்கிறது. நல்லது. ஆனால் சக்கரம் கழன்று பறந்த பிறகுதான் ஹேலோவுக்கு வேலை. சக்கரமே கழலாமல் பார்த்துக்கொள்வது, இரவு பதினொரு மணிக்குச் சாயக் குப்பியோடு தரையில் மண்டியிட்டிருக்கும் ஒருவருடைய வேலை. அந்த விஷ்போனை அவரிடமே கேட்டு வாங்கி, என் மேசைமேல் வைத்திருக்கிறேன்.

அந்த வார இறுதியில் எங்களுக்கு விஷ்போன் கொடுத்து உதவியது, புள்ளிப் பட்டியலில் எங்களுக்கு நேர் மேலே இருந்த போட்டி அணி. எல்லோருக்கும் ஒரே சேஸி என்பதால் பொருந்தும். பொருந்துகிறது என்பதற்காகக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவர்களிடமிருந்து அது எங்கள் கைக்கு வந்தபோது தகுதிச்சுற்று தொடங்கிவிட்டது. புது விஷ்போனைப் பூட்டிய பிறகு சக்கரக் கோணங்களை மறுபடி சரிபார்க்க வேண்டுமே; காரின் இருபுறமும் நூல் கட்டி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து முடிப்பதற்குள், தகுதிச்சுற்றே முடிந்துவிட்டது. நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் போட்டி அணியின் மெக்கானிக். பந்தய நடுவர்களான ஸ்டூவர்ட்களின் அனுமதியோடு கடைசி இடத்திலிருந்து கிளம்பிய மகள் பதினொன்றாவதாக வந்தாள். வழியில் அவள் முந்திய கார்களில் அவர்களுடையதும் ஒன்று. பந்தயம் முடிந்ததும் அந்த அணியின் மேலாளர் வந்து, “எங்கள் விஷ்போன் எங்களையே முந்திவிட்டது” என்று சிரித்தார். இப்படிப்பட்டவர்களோடு போட்டி போடக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

எங்கள் ரேஸ் இன்ஜினியருக்கும் பயிற்சியாளருக்கும் ஒன்றாகவே நன்றி சொல்கிறேன். அவர்கள் மறுத்ததும் ஒன்றாகத்தான். வளைவுக்குள் நுழையும்போது முன்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது, முன்பக்கத்தின் விறைப்பைக் குறைத்துத் தாருங்கள் என்று முதல் மூன்று சுற்றுகளிலும் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாம் சுற்றில் அவர்கள் அவளைக் கணினி முன் உட்காரவைத்து, அவளுடைய பிரேக் அழுத்தக் கோட்டையும் அவளுடைய அணித்தோழனின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். இரண்டும் ஒரே உயரத்துக்கு ஏறின. இறங்கும்போதுதான் வேறுபாடு: அவனுடையது மலைச்சரிவு போல இறங்கியது, இவளுடையது சுவர் போல விழுந்தது. பிரேக்கைச் சட்டென்று விட்டால் முன்சக்கரங்களின் மேல் சாய்ந்திருந்த எடை பின்னால் போய்விடுகிறது, திரும்ப வேண்டிய அதே நொடியில் முன் டயர்களுக்குப் பிடிப்பு குறைகிறது, கார் நேராகப் போகப் பார்க்கிறது. “காரில் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டோம். முதலில் உன் இடதுகாலைச் சரிசெய்” என்றார் பயிற்சியாளர். அவள் அன்று மாலை முழுக்க உர்ரென்று இருந்தாள். நானும் அவள் பக்கம்தான் இருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்தாம் சுற்றில் அந்தக் கோடு சரியத் தொடங்கியது. ஆறாம் இடம் வந்ததும் அந்தச் சுற்றில்தான்.

நான்காம் சுற்றைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். சனிக்கிழமை, முதல் பந்தயம், ஈரத் தடம். நீண்ட நேர்ப்பாதையின் முடிவில் மகளின் கார் பின்பக்கம் சுழன்று, டயர் அடுக்கில் பக்கவாட்டில் மோதி நின்றது. நான் பார்த்தது திரையில். முதலில் ஆபத்து என்று எச்சரிக்கும் மஞ்சள் கொடி. அடுத்து, எனக்குக் கால்கள் துவண்டுபோகும்படி, பந்தயத்தையே நிறுத்தும் சிவப்புக் கொடி. அவளிடம் முதலில் ஓடிச் சேர்ந்தவர்கள், தடத்தோரம் நின்று கொடி காட்டி, விபத்தில் உதவும் மார்ஷல்கள். பெரும்பாலான நாடுகளில் இவர்கள் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். விடியற்காலையில் வந்து, மழையோ வெயிலோ, தங்களுக்குக் குறித்த அந்த ஒரே வளைவில் நாள் முழுக்க நிற்பவர்கள். பந்தயத்தை அவர்கள் பார்ப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்களில் ஒருவர் தன்னை நோக்கி வரும் கார்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அடுத்த மார்ஷல் சாவடி வரையுள்ள தடத்தையும் அதன் கொடியையும்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மகள் தானாகவே எழுந்து வெளியே வர முயன்றாள். ஒரு பெண் மார்ஷல் அவளுடைய தலைக்கவசத்தின் இருபுறமும் கையை வைத்து, “எழுந்திருக்காதே கண்ணு, மருத்துவர் வரட்டும்” என்று சொல்லி, அவர் வந்து சேரும்வரை அந்த மழையில் குனிந்தபடியே நின்றிருக்கிறார். அந்த அம்மையாரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆரஞ்சு நிற மழையுடை என்பதைத் தவிர வேறு அடையாளமும் மகளுக்கு நினைவில்லை. இந்த மடல் எப்படியாவது அவரைச் சென்றடையட்டும்.

மருத்துவ அறையில் எலும்பு முறிவு எதுவும் இல்லை, கழுத்தும் நன்றாகவே இருந்தது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டு, மனத்துக்குள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயங்களுக்கான கணக்கைப் போடத் தொடங்கியிருந்தேன். அப்போது மருத்துவர் அவளிடம் ஆண்டின் மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். “டிசம்பர், நவம்பர், அக்டோபர், ஆகஸ்ட்” என்று சொல்லிவிட்டு அவள் நின்றாள். ஏதோ தவறிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை. பிறகு ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். இரண்டு முறை தடுமாறினாள். மூளையில் அதிர்வு ஏற்பட்டிருக்கிறது, இந்த வார இறுதியில் இனி ஓட்ட அனுமதிக்க முடியாது என்றார். அவரிடம் நான் வாதாடினேன். பதற்றத்தில் யாருக்கும் ஒரு மாதம் விட்டுப்போகும் என்றேன். காலையில் மறுபடி சோதித்துப் பாருங்கள் என்றேன். ஒரு பருவத்தில் இரண்டு பந்தயங்களை இழப்பது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியுமா என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஒரு அதிர்வு ஆறுவதற்குள் இன்னொன்று விழுந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொல்லி, படிவத்தில் கையெழுத்திட்டார். அன்று இரவு மகள் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். விளக்கு வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் காலையில் காரில் ஏறியிருந்தால் என்ற நினைப்பு என்னை விட்டு இன்னும் போகவில்லை. ஐயா, அன்று பேசியதற்கு இங்கே, எல்லோர் முன்னிலையிலும், மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பணம் கொடுத்தவர்களை மறக்கவில்லை. காரின் பக்கவாட்டில் பெயர் இடம்பெற்ற நிறுவனங்களுக்குத் தனித்தனியே கடிதம் அனுப்பியிருக்கிறேன். அவர்களுக்கு அடுத்தபடியாக, கேட்ட அன்றே ‘எங்களால் முடியாது’ என்று நேராகச் சொன்னவர்களுக்கும் என் நன்றி உரியது. மூன்று மாதங்கள் ‘பார்க்கலாம்’, ‘பார்க்கலாம்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தவர்களால் பட்ட பாட்டை நினைத்தால், முதல் நாளே மறுத்தவர்கள் கொடையாளிகளுக்கு ஒரு படிதான் கீழே. தேர்வுத் தேதிகளை மாற்றிக் கொடுத்த ஆசிரியர்களுக்கும், தடத்தின் எல்லையான வெள்ளைக்கோட்டை நான்கு சக்கரங்களும் தாண்டியதற்கு விதித்த ஐந்து நொடித் தண்டனையை எதிர்த்து நான் குமுறிக்கொண்டு போனபோது காமிரா பதிவைப் போட்டுக்காட்டி அமைதியாகத் திருப்பி அனுப்பிய ஸ்டூவர்ட்டுக்கும் நன்றி. கோடு தெளிவாகத்தான் தெரிந்தது.

வீட்டுக்குள்ளும் ஒரு மறுப்பு உண்டு. பந்தயம் முடிந்து முதல் ஒரு மணி நேரத்துக்கு மகளிடம் பந்தயத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று என் மனைவி இரண்டாம் சுற்றிலேயே எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள். அந்த ஒரு மணி நேரத்தை நான் பெரும்பாலும் டயர்களை எண்ணிக்கொண்டு கழித்தேன். ஆனால் மணி முடிந்ததும் மகள் தானாக வந்து பேசத் தொடங்குவாள் என்பதும், அப்படிப் பேசும்போது நான் கேட்டிருக்கவே மாட்டாத விஷயங்களையெல்லாம் சொல்வாள் என்பதும் பருவத்தின் பாதியில்தான் எனக்கு விளங்கியது.

அடுத்த பருவத்துக்கான முதல் சோதனை ஓட்டம் இன்னும் சில வாரங்களில் இருக்கிறது. அதே அணி, அதே மெக்கானிக். கடன் வாங்கிய விஷ்போனுக்குப் பதிலாகப் புதியதொன்றை வாங்கிப் போட்டி அணியிடம் சேர்த்துவிட்டோம்; எங்கள் பெட்டியிலும் இப்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் உதிரி இருக்கிறது. மருத்துவர் ஐயாவுக்கு மட்டும் மகள் ஒரு செய்தி சொல்லச் சொன்னாள்: டிசம்பரிலிருந்து ஜனவரி வரை இப்போது தடங்கலில்லாமல் வருகிறதாம், செப்டம்பர் உட்பட.

நன்றியுடன்,
பதினான்காம் இடத்துக்காரியின் தந்தை