கொத்திய பூச்சும் துருவேறிய கம்பியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடுக்குமாடி வீடுகளை ‘இண்டஸ்ட்ரியல்’ பாணியில் எளிமையாக அமைத்துக்கொள்வது பற்றித் தங்கள் நாளிதழின் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெற்றுக் காங்கிரீட், பூசாத செங்கல், கறுப்பு இரும்புச் சட்டங்கள், நாலைந்தே தளவாடங்கள் என்று படங்கள் கண்ணுக்கு நிறைவாகவே இருந்தன. ஆனால், பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டாலே இந்தத் தோற்றம் கிடைத்துவிடும் என்று போகிறபோக்கில் எழுதப்பட்டிருந்த ஒரு வரிதான், கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற என்னை இக்கடிதம் எழுத வைத்தது.

திருவான்மியூரில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் உள்ள எங்கள் வீட்டை என் மகனும் மருமகளும் இதே பாணியில் மாற்றியமைக்க விரும்பினார்கள். நான் ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள், உள் அலங்கார வேலையை ஏற்றவர் அனுப்பிய ஆட்கள் கூடத்து உத்திரத்தின் அடிப்பூச்சை நான்கடி நீளத்துக்குக் கொத்தியிருந்தார்கள். உளி பூச்சோடு நிற்காமல் காங்கிரீட்டையும் பெயர்த்திருந்ததால், இரண்டு இடங்களில், நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் ரிங் கம்பி பழுப்பேறி வெளியே தெரிந்தது. விரலால் தடவினேன், துருப்பொடி விரலில் ஒட்டிக்கொண்டது. “இந்தக் கலர்தான் சார் இப்ப எல்லாரும் கேக்கறாங்க” என்றார் மேஸ்திரி.

கம்பியைத் துருப்பிடிக்காமல் காப்பது காங்கிரீட்டின் காரத்தன்மையும், கம்பிக்கு வெளியே இருக்கும் காங்கிரீட்டின் கனமும்தான். கடலோரப் பகுதியில், உப்புக்காற்று நேரே படாத மறைவான இடத்துக்கே குறைந்தது 30 மி.மீ. ‘கவர்’ (அந்தக் கனத்தைத்தான் இப்படிச் சொல்வோம்) வேண்டும் என்றும், நேரே படும் இடத்துக்கு 45 மி.மீ. வேண்டும் என்றும் காங்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூலான ஐ.எஸ். 456:2000 சொல்கிறது. வார்க்கும்போது கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் கட்டைகளைச் சரியாக வைக்காத பழைய கட்டடங்கள் பலவற்றில் இதில் பாதிகூடத் தேறாது. அங்கெல்லாம் உப்புக்காற்று கம்பியை எட்டாமல் தாமதப்படுத்துவது மேலே இருக்கும் சிமெண்டுப் பூச்சுதான். அதையும் எடுத்துவிட்டால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், பருத்த கம்பி காங்கிரீட்டைப் பிளக்கும், பிளவு வழியே இன்னும் உப்பு இறங்கும். போதாக்குறைக்கு, அந்த உத்திரம் எங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. மேல்வீட்டாரின் பாரத்தையும் அதுதான் சுமக்கிறது.

வெற்றுக் காங்கிரீட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவும் மாட்டார்கள். கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து, அவருடைய உதவியாளர் ஜார்ஜ் நாகாஷிமா உடனிருந்து கவனித்து, 1930களின் இறுதியில் கட்டத் தொடங்கிய அக்கட்டடமும் கடலுக்கு அருகில்தான் நிற்கிறது. வெளிச்சுவர் முழுக்கக் கையால் திருப்பும் கிடைப்பலகைகள், உள்ளே மிகச் சில மரச்சாமான்கள். அலங்காரம் என்று தனியாக எதுவுமில்லை. ஆனால் அங்கே காங்கிரீட்டைப் பூசாமல் விடுவது என்பது வரைபடத்திலேயே எடுத்த முடிவு. காங்கிரீட் வார்ப்பதற்கான சென்ட்ரிங் பலகை அடிக்கும்போதே பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. பூசப்போகிறோம்தானே என்று அசட்டையாக வார்த்த உத்திரத்தைப் பல ஆண்டுகள் கழித்து உரித்துப் பார்ப்பது வேறு.

எங்கள் வீட்டில் கம்பியின் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூச்சும் பாலிமர் கலந்த சாந்தும் வைத்து, மேலே மறுபடியும் பூசினோம். மருமகளுக்கு வருத்தம்தான். ஆயினும் அவர் விரும்பிய எளிமை வேறு வழிகளில் கிடைத்தது. பொய்க்கூரையை எடுத்ததில் அறையின் உயரம் கூடியது. புதிய மின்கம்பிகள் சுவரை வெட்டாமல் வெளியே தெரியும் குழாய்களில் ஓடுவதால், இனிப் பழுது பார்ப்பதும் சுலபம். சமையலறையில் கதவில்லாத கடப்பாக்கல் தட்டுகள் வைத்தோம். என் தாயார் வீட்டில் இருந்தவையும் அவைதான், அன்று யாரும் அதற்கு ஒரு பாணியின் பெயர் சூட்டவில்லை. தரைக்குச் சிவப்பு ஆக்சைடு போட்டோம். இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய டைல்ஸின் மேலேயே இரண்டு அங்குலத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்டால், நூறு சதுர அடி அறைக்கு ஏறத்தாழ ஒரு டன் பாரம் கூடும். குடியிருப்பு அறைகளுக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று கணக்கிடும் புழக்கப் பாரத்தில் (ஆட்கள், சாமான்களின் எடை) ஏறக்குறைய பாதியை அது தின்றுவிடும். பழைய டைல்ஸையும் அதன் அடிச்சாந்தையும் பெயர்த்த பிறகே ஆக்சைடு போட வேண்டும்.

இரும்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் தினமும் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். எம்.எஸ். எனப்படும் சாதாரண இரும்புக் குழாயில் செய்த புத்தக அலமாரியின் கால்களைச் சுற்றி மூன்றே மாதத்தில் ஆரஞ்சு நிறத்தில் வட்டம் விழுந்தது. ரப்பர் புஷ் போட்டு, ப்ரைமரோடு மறுபடி பெயிண்ட் அடித்த பிறகுதான் நின்றது. அதன் மூலை ஒன்றை வெல்டர் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தார்; அது என் பேத்தியின் நெற்றி உயரத்தில் இருந்ததை அவள் விழுந்த பிறகே கவனித்தோம். கூடத்தில் பேச்சு எதிரொலித்ததற்குப் பவானி ஜமுக்காளம் இரண்டு போதுமானதாக இருந்தது.

இனி இத்தகைய வீடுகளின் படங்களை வெளியிடும்போது, கட்டடத்தின் வயதையும், அது கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும், பூச்சை எடுக்குமுன் பொறியாளர் எவரேனும் பார்த்தாரா என்பதையும் படத்தின் கீழேயே சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால், வேலை முடிந்து இரண்டு மழைக்காலங்கள் கழித்து எடுத்த படத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருவான்மியூர், சென்னை.