சிவப்புத் துண்டும் சிதறிய பேனாக்களும்

அன்புள்ள கயல்,

உன் மகன் இனியன் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து சோபாவுக்குப் பாய்கிறான் என்று எழுதியிருந்தாய். "இந்த சூப்பர் ஹீரோ படமெல்லாம் பார்த்தா தைரியமும் நல்ல குணமும் வருமா, இல்ல அடிதடிதான் வருமாப்பா?" என்றும் கேட்டிருந்தாய். இரண்டும் வரலாம் கண்ணு. படம் முடிந்ததும் அவன் கைக்கு நீ என்ன வேலை கொடுக்கிறாய் என்பதில்தான் இருக்கிறது.

முதலில் அந்தத் துண்டை அவிழ்த்துவிடு. கழுத்தில் முடிச்சுப் போட்ட துணி, கதவுக் கைப்பிடியிலோ ஜன்னல் கொக்கியிலோ மாட்டினால் இழுக்க இழுக்க இறுகும். அதற்குப் பதில் மெல்லிய பருத்தித் துணியில் 45 செ.மீ. நீளத்துக்கு ஒன்று தைத்துக்கொடு. சட்டையின் இரண்டு தோளிலும் விரலகலத்தில் வெல்க்ரோ ஒட்டி அதில் மாட்டிவிடு, எங்கே சிக்கினாலும் பிய்ந்து வந்துவிடும். முழங்காலுக்குக் கீழே தொங்கவிடாதே, படியேறும்போது மிதித்து விழுவான். முழு முகமூடியும் வேண்டாம், பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். பால்கனிக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போட்டுவிடு. தொலைக்காட்சியில் 'சக்திமான்' என்ற சூப்பர் ஹீரோ தொடர் ஓடிய காலத்தில், நாயகனே திரையில் வந்து 'என்னைப் போலச் செய்யாதீர்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். 2017ல் சாரா கோய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவர் குழுவும் 240 மழலைப் பள்ளிக் குழந்தைகளைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சூப்பர் ஹீரோ நிகழ்ச்சிகளில் அதிகம் மூழ்கிய குழந்தைகளிடம் ஒரு வருடம் கழித்து அடிப்பதும் ஒதுக்கிவைப்பதும் கூடியிருந்தது. உதவும் குணம் கூடவில்லை. வம்புக்கு ஆளாகும் பிள்ளைக்காகப் பரிந்து நிற்பதும் கூடவில்லை. இதில் வியக்க ஒன்றுமில்லை. திரையில் குத்து விழும்போது சத்தம், வெளிச்சம், இசை எல்லாம் இருக்கிறது. அந்தக் குத்துக்கான காரணமோ இரண்டு வரி வசனம். நாலு வயதுக் கண்ணுக்கு எது பதியும்?

அதே சமயம் இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். 2013ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 60 பேருக்கு மெய்நிகர் கண்ணாடி (வேறோர் இடத்துக்குள் இருப்பது போலவே காட்டும் கருவி) மாட்டினார்கள். பாதிப் பேர் கையை நீட்டித் தாங்களே ஒரு நகரத்துக்கு மேலே பறந்தார்கள். மீதிப் பேர் ஹெலிகாப்டரில் பயணிகளாக உட்கார்ந்தார்கள். சிலருக்கு ஊரைச் சுற்றிப் பார்க்கும் வேலை, சிலருக்கு இன்சுலின் இல்லாமல் தவிக்கும் குழந்தையைத் தேடும் வேலை. எல்லாம் முடிந்த பிறகு ஆய்வாளர் கை தவறியது போல ஒரு குவளைப் பேனாக்களைத் தட்டிவிட்டார். 15 பேனாக்கள். தாங்களே பறந்தவர்கள் சீக்கிரம் குனிந்தார்கள், அதிகமும் பொறுக்கினார்கள். குனியவே குனியாத 6 பேரும் ஹெலிகாப்டரில் இருந்தவர்கள். இதில் கவனி: குழந்தையைத் தேடினார்களா, ஊர் சுற்றினார்களா என்பது பெரிய வித்தியாசம் உண்டாக்கவில்லை. தன் கையால் பறந்ததுதான் உண்டாக்கியது.

அதனால் அவன் படம் பார்க்கிற நாளில், அது முடிந்து எழுத்து ஓடும்போதே ரிமோட்டை வைத்துவிட்டு அவனுக்கு ஒரு வேலை கொடு. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதே, அந்தச் சூடு ஆறிவிடும். கீழ்வீட்டுப் பாட்டியின் காய்கறிப் பையை லிஃப்ட் வரை தூக்கட்டும். மாடிச் செடிக்கு ஒரு சொம்பு ஊற்றட்டும். வேலை 5 நிமிடத்துக்குள் முடிய வேண்டும், அவனால் தனியாக முடிய வேண்டும், செய்து முடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'நல்ல பிள்ளையா இரு' என்பதை வேலை என்று அவன் எடுத்துக்கொள்ள மாட்டான். சாக்லேட் தருவேன் என்றும் சொல்லாதே. அப்புறம் உதவி என்பது அவனுக்குக் கூலி வேலை.

அலுப்பான வேலைக்கு வேஷம் உதவும். 4 வயது, 6 வயதுப் பிள்ளைகளிடம் 10 நிமிடம் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் ஐபேட் விளையாட்டையும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 'நான் நல்லா வேலை செய்றேனா?' என்று தன்னையே கேட்டுக்கொண்ட பிள்ளைகளைவிட, பேட்மேன் போன்ற ஒரு பாத்திரமாக வேஷம் போட்டு 'பேட்மேன் நல்லா வேலை செய்றாரா?' என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். பொம்மைகளை எடுத்து வைக்கச் சொல்லும்போது இதைச் செய்துபார். தினமும் செய்தால் புளித்துவிடும், வாரம் இரண்டு முறை போதும்.

எந்தப் படம் காட்டலாம் என்றால், இந்த வயதில் முடிந்தவரை எதுவும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி. வேஷமும் கதையும் போதும். எட்டு வயதுக்கு மேல் 2004ல் வந்த 'ஸ்பைடர் மேன் 2'வில் அந்த ரயில் காட்சியை மட்டும் காட்டு (முழுப் படத்தையும் போட்டால், அதில் வரும் ஆஸ்பத்திரிக் காட்சி பெரியவர்களையே அலற வைக்கும், அதைத் தாண்டிவிடு). பிரேக் போன ரயிலை வலையால் இழுத்து நிறுத்திவிட்டு ஸ்பைடர் மேன் மயங்கிச் சரிகிறான். பயணிகள் அவனைத் தலைக்கு மேலாகக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிப்போய்ப் படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லை, முகம் தெரிகிறது. இரண்டு சிறுவர்கள் முகமூடியைக் கொண்டுவந்து கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். வில்லன் வந்ததும் அந்தப் பயணிகள் குறுக்கே நிற்கிறார்கள். எந்தச் சக்தியும் இல்லாதவர்கள்! அங்கே படத்தை நிறுத்தி, "இவங்க பயந்தாங்களா? பயந்தும் ஏன் நகரல?" என்று கேள். பதிலை நீ சொல்லிவிடாதே.

2011ல் வந்த முதல் 'கேப்டன் அமெரிக்கா'வில் ஒரு சின்னக் காட்சியும் அப்படித்தான். பயிற்சி முகாமில் கையெறி குண்டை வீசுகிறார்கள். மற்ற வீரர்கள் சிதறி ஓட, பின்னால் கேப்டன் அமெரிக்கா ஆகப்போகிற ஒல்லிக்குச்சி ஸ்டீவ் அதன்மேல் படுத்து "விலகுங்க" என்று கத்துகிறான். அது போலிக் குண்டு என்பது அவனுக்குத் தெரியாது. உடம்பு பலம் அவனுக்கு வருவதே அதற்குப் பிறகுதான். பத்துப் பன்னிரண்டு வயதில் மலையாளத்து 'மின்னல் முரளி'யைப் பார்க்கட்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேரை மின்னல் தாக்குகிறது, ஒருவன் நாயகனாகிறான், ஒருவன் வில்லனாகிறான். வில்லனாக வரும் நம்ம தமிழ் நடிகர் குரு சோமசுந்தரத்தின் நடிப்புக்காகவே நீயும் கூட உட்கார்ந்து பார்.

ஒன்றை மட்டும் படம் சொல்லித்தராது, நீதான் சொல்ல வேண்டும். படத்தில் நாயகன் யோசிக்காமல் குதிப்பான். நம்ம ஊர்க் குளத்தில் ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொன்று குதித்து இரண்டும் போவதைப் பேப்பரில் பார்க்கிறோமே. மூழ்குகிறவர் கிட்டே வருபவரின் கழுத்தைத்தான் பிடித்து அமுக்குவார். 'தண்ணில இறங்காதே, கத்து, நீளமா எதையாவது நீட்டு, மிதக்கிறதை வீசு' என்று விளையாட்டாகவே பழக்கு. நீட்டும்போது குப்புறப் படுத்துக்கொள்ள வேண்டும், நின்றுகொண்டு நீட்டினால் இழுபட்டு உள்ளே விழுவோம். மூடி இறுக்கிய காலிப் பிளாஸ்டிக் கேன் நன்றாக மிதக்கும். கரண்ட் அடித்தவரைத் தொடவே கூடாது. பெரியவரைக் கூப்பிட்டு மெயினை அணைக்கச் சொல்ல வேண்டும். 108, 112 இரண்டு எண்களும் உன் வீட்டு விலாசமும் அவனுக்கு மனப்பாடம் ஆகட்டும். பாட்டு மெட்டில் சொல்லிக்கொடு, ஒரு வாரத்தில் வந்துவிடும்.

வெல்க்ரோ உங்கள் பக்கம் கிடைக்காவிட்டால் எழுது, துணியோடு சேர்த்து அனுப்பிவைக்கிறேன். சிவப்பா நீலமா என்று அவனிடமே கேட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா